‘கூட யாரு இருக்கா?’: சேலத்து வீதிகளில் கடைசி மாதங்கள்

செய்தித்தாளின் உள்பக்க மூலையில் நான்கு வரியில் அந்தச் செய்தி அடிக்கடி வருகிறது. பேருந்து நிலையம் அருகே 60 வயது மதிக்கத்தக்க ஆண் ஒருவர் இறந்து கிடந்தார். அவர் யார், எந்த ஊரைச் சேர்ந்தவர் என்பது தெரியவில்லை. போலீசார் உடலைக் கைப்பற்றிப் பிரேதப் பரிசோதனைக்காக அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தனர். விசாரணை நடக்கிறது. இடத்தை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். ஒருநாள் சேலம் ஜங்ஷன், ஒருநாள் நான்கு ரோடு, ஒருநாள் திருமணிமுத்தாற்றுக் கரை.

‘மதிக்கத்தக்க’ என்ற சொல்லில் என் கண் நின்றுவிடும். வயது தெரியாதபோது குத்துமதிப்பாகப் போடுவது அது. அந்த மதிப்பு பெரும்பாலும் தவறாகத்தான் இருக்கும் என்பதற்குக் காரணம் உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீடற்றவர்களின் மரணங்களை அரசே தனியாகக் கணக்கெடுத்தது. 2021இல் இறந்தவர்களின் சராசரி வயது ஆண்களுக்கு 45, பெண்களுக்கு 43. வீதி ஓர் உடம்பைப் பதினைந்து இருபது வருடம் முன்கூட்டியே கிழடாக்கிவிடுகிறது. 60 என்று போலீசார் எழுதியவருக்கு உண்மையில் 48 கூட இருந்திருக்கலாம்.

இன்னொன்றும் உறுத்துகிறது. அவர் திடீரென்று செத்துப்போனது போல அந்தச் செய்தி இருக்கும். குடித்துக் கெட்ட ஈரல், புண்ணான காலோடு சர்க்கரை, பாதியில் விட்ட காசநோய் மாத்திரை, வாயில் வந்த புற்று, பழுதான சிறுநீரகம், எல்லாமே மாதக்கணக்கில் எடுத்துக்கொண்டு கொல்லும் நோய்கள். அந்த மாதங்கள் முழுக்க அவர் இதே ஊரில்தான் இருந்தார். டீக்கடைக்காரர் அவரைப் பார்த்தார், பூக்கடை அம்மா பார்த்தார், பஸ்ஸுக்கு நின்ற நாமும் பார்த்தோம்.

இறந்த பிறகு அவருக்கு எல்லாம் நடக்கிறது. நடப்பது நல்லதே, அதில் எனக்குக் குறையில்லை. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவில் விசாரணை நடக்கிறது (2024 ஜூலைக்கு முன்னால் இது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174). பொது இடத்தில் கிடந்த உடலின் இறப்பைப் பதிவுக்குத் தெரிவிப்பது அந்தக் காவல் நிலையத்தின் பொறுப்பு என்று 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் சொல்கிறது. யாரும் கேட்டு வராத உடலை 1951ஆம் ஆண்டின் உடற்கூறியல் சட்டப்படி மருத்துவக் கல்லூரிக்குப் பாடத்துக்குக் கொடுக்கலாம். அரசு மருத்துவமனையில் இறந்தவர்களை எடுத்துச்செல்ல 155377 என்ற எண்ணில் இலவச அமரர் ஊர்தி இருக்கிறது. வீடற்றவர் இறந்தாலும் அவரவர் சமய வழக்கப்படி கண்ணியமான அடக்கம் வேண்டும் என்று 2002இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அனாதைப் பிரேதத்தை எடுத்துப் போடுவது அசுவமேத யாகம் செய்த பலன் என்று வழிவழியாகச் சொல்லி வளர்ந்த சமூகம் நாம். அதையே கடமையாக எடுத்துச் செய்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், அவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

பிணத்துக்குச் சட்டம் இருக்கிறது, வண்டி இருக்கிறது, புண்ணியமும் இருக்கிறது. அதற்கு முந்தைய ஆறு மாதத்துக்குத்தான் ஏதுமில்லை.

ஒருவரை மனத்தில் வைத்துக்கொள்வோம். லீ பஜார் மண்டியில் மூட்டை தூக்கியவர். குடும்பத்தோடு பேச்சு விட்டுப் பத்து வருடம். பகலில் மண்டி வேலை, ராத்திரி கடை வாசல். புகையிலையை அடக்கி அடக்கிக் கன்னத்தின் உள்பக்கம் ஒரு புண். ஆறவில்லை. ஒருநாள் வேலையை விட்டுவிட்டு ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில் நிற்கிறார். சதை எடுத்துச் சோதிக்க வேண்டும், அடுத்த வாரம் வீட்டில் யாரையாவது அழைத்து வாருங்கள் என்கிறார்கள். அழைத்து வர ஆள் இல்லை என்று சொல்வதற்கு வெட்கம். அவர் திரும்பப் போகவில்லை.

மூன்று மாதத்தில் வாய் திறக்க முடியவில்லை. இந்த ஊரில் சோற்றுக்குப் பஞ்சமில்லை. கோட்டை மாரியம்மனுக்கு ஆடித் திருவிழா வந்தால் தெருவுக்குத் தெரு கூழும் சோறும் ஊற்றுவார்கள். அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி. ஆனால் வாய்ப்புற்று முற்றியவருக்கு ஒரு ரூபாய் இட்லியும் இறங்காது. வலிக்கு அவருக்குத் தெரிந்த மருந்து குவார்ட்டர். புண் அழுகி நாற்றம் வருகிறது. கடைவாசலில் கூடப் படுத்தவர்கள் தள்ளிப் படுக்கிறார்கள். டீயைக் காகிதக் கோப்பையில் கொடுத்து அந்தப் பக்கம் நின்று குடிக்கச் சொல்கிறார்கள். ஈ மொய்க்கிறது, புழு வைக்கிறது. கடைசியில் மயங்கி விழுந்த பிறகு யாரோ 108க்குப் போன் செய்கிறார்கள்.

இவரைக் குணப்படுத்த முடியாது. ஆனால் இவருக்குச் செய்யக்கூடியது எவ்வளவோ இருக்கிறது, அதில் பெரும்பகுதி மலிவானது. ஒரு சாதாரண மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவிக் கட்டினால் நாற்றம் வெகுவாக அடங்கும். நாற்றம் அடங்கினால் பக்கத்தில் ஆள் வந்து உட்காருவார்கள். உப்புத் தண்ணீரில் வாயைக் கழுவிவிட்டால் கஞ்சி கொஞ்சம் இறங்கும், இறங்காவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் போடலாம். வலிக்கு மார்ஃபின் மாத்திரை இருக்கிறது.

இதைத்தான் வலிதணிப்புச் சிகிச்சை என்கிறோம், ‘பாலியேட்டிவ் கேர்’ என்றால் மருத்துவமனையில் புரியும். 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், சாகும் தறுவாயில் இருப்பவரின் வலி உடம்போடு நிற்பதில்லை, மனவலி, உறவு முறிந்த வலி, இதெல்லாம் எதற்கு என்று கேட்கும் வலி எல்லாம் சேர்ந்தது என்றார். கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வேலை, பக்கத்து வீட்டுக்காரர்களையே பயிற்றுவித்து ஊர் ஊராகப் பரவி, 2008இல் மாநில அரசின் கொள்கையானது. உலக அளவில் ஆண்டுக்குச் சுமார் 5.7 கோடிப் பேருக்கு இந்தச் சிகிச்சை தேவைப்படுகிறது, அதில் 14 விழுக்காட்டினருக்குத்தான் கிடைக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. வீடு வாசல் உள்ளவர்களையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

மார்ஃபின் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அபினியிலிருந்து எடுக்கும் வலி மருந்து அது. அரசு உரிமத்தோடு மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அபினி பயிராகிறது, நீமச்சிலும் காஜிப்பூரிலும் அரசே அதைப் பக்குவம் செய்யும் ஆலைகளை வைத்திருக்கிறது. ஆனாலும் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு, உரிமத்துக்கு அலையவும் வழக்குக்கு அஞ்சவும் வேண்டியிருந்ததால் பல மருத்துவமனைகள் மார்ஃபினை வாங்குவதையே விட்டுவிட்டன. 2014இல் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் ஒரே அனுமதியில் வைத்துக்கொள்ள வழி செய்தார்கள். சட்டம் தளர்ந்த அளவுக்குப் பயம் தளரவில்லை. வீடற்றவர் என்றால் பயம் இரட்டிப்பு. இவர் கையில் மார்ஃபினைக் கொடுத்தால் விற்றுவிடுவார், குடியோடு சேர்த்துப் போட்டுக்கொள்வார் என்ற சந்தேகம் முதலில் வருகிறது. அந்தச் சந்தேகத்தில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். சாதாரண மார்ஃபின் மாத்திரையை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். கடிகாரமும் பூட்டுள்ள பெட்டியும் இல்லாதவரிடம் பத்து நாள் மாத்திரையைக் கொடுத்து அனுப்புவது யாருக்கும் நல்லதல்ல. அதனால் அவருக்கு வலி இருக்கட்டும் என்று விட்டுவிடுவதுதான் இப்போதைய நடைமுறை. மாத்திரையை இன்னொருவர் கையில் வைத்து வேளைக்குக் கொடுக்கச் செய்வது என்ற எளிய வழி, அந்த இன்னொருவர் யார் என்ற கேள்வியில் நின்றுவிடுகிறது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டது. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலிதணிப்புச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டிலேயே உண்டு. என் உறவில் ஒரு பெரியம்மாவுக்கு மாதம் தவறாமல் மாத்திரை வருகிறது. திட்டத்தின் அடிப்படையே வீட்டு வாசற்படிதான். கதவு எண் இருந்தால்தான் பட்டியலில் பெயர். கடை வாசலில் படுப்பவருக்கு வாசல் இருக்கிறது, கதவு இல்லை.

வயதும் இதேபோல ஆளை வெளியே நிறுத்துகிறது. முதியோர் உதவித்தொகைக்கும் முதியோர் இல்லத்துக்கும் அறுபது நிறைந்திருக்க வேண்டும். 48 வயதில் ஈரல் கெட்டுச் சாகிறவர் முதியவர் இல்லை. மனநோயாளியும் இல்லை, மாற்றுத்திறனாளி என்ற சான்றும் இல்லை. எந்த இல்லத்தின் பெயர்ப் பலகையிலும் அவருக்குரிய சொல் இருக்காது.

சில ஆண்டுகளுக்கு முன் என் அப்பாவுக்குத் துணையாக ஒரு மருத்துவமனையின் ஆண்கள் வார்டில் பதினோரு நாள் இருந்தேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர். கேஸ் சீட்டில் பெயர் எழுதும் இடத்தில் ‘அன்நோன்’ என்று இருந்தது. அவருக்குப் பெயர் இருந்தது, இரண்டாம் நாளே என்னிடம் சொல்லிவிட்டார். கொண்டுவந்து சேர்த்தபோது நினைவில்லாமல் இருந்திருக்கிறார். நினைவு வந்த பிறகு சீட்டைத் திருத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஒவ்வொரு ஷிஃப்ட் மாறும்போதும் அவர் கட்டிலருகே அதே கேள்வி வரும். “கூட யாரு இருக்கா?” அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். கேட்டவர்கள் கொடுமைக்காரர்கள் இல்லை. இரவில் அத்தனை கட்டிலுக்கும் இரண்டு சிஸ்டர்கள்தான். இரத்தம் எடுத்த குழாயை லேபுக்குக் கொண்டுபோக, ரிப்போர்ட் வாங்கிவர, ஸ்கேன் அறைக்கு ஸ்ட்ரெச்சர் தள்ள, டிரிப்ஸ் தீர்ந்தால் ஓடிப்போய்ச் சொல்ல, பால் வாங்க, பெட்பேன் வைக்க, துணி மாற்ற, புரட்டிப் படுக்க வைக்க என்று எல்லாவற்றுக்கும் கூட இருக்கிற ஆள் வேண்டும். நம் அரசு மருத்துவமனைகள் அப்படித்தான் இயங்குகின்றன. சம்பளப் பட்டியலில் இல்லாத லட்சக்கணக்கான அண்ணன் தம்பிகளும் மனைவிமார்களும் மகள்களும் பாயை விரித்துக் கட்டிலுக்குக் கீழே படுத்துத்தான் அவற்றை ஓட்டுகிறார்கள். அப்படி ஒருவர் இல்லாத நோயாளிக்கு மருத்துவர் வருவார், ஊசி வரும், மாத்திரை வரும். மாத்திரை கட்டிலருகே மேசையில் இருக்கும், அதை எட்டி எடுத்து விழுங்க அவரால் முடியாது.

அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு மிச்சத்தை அவருக்கு ஊட்டுவேன். “ஒரு வாய்த் தண்ணி குடு கண்ணு” என்பார். அதிகம் கேட்டதே அதுதான்.

நோய் தீர்க்கும் நான்கு உறுப்புகளை 950ஆம் குறள் எண்ணிச் சொல்கிறது. நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான். கடைசியில் வரும் உழைச்செல்வான் பக்கத்திலேயே இருந்து மருந்தைப் பக்குவமாகக் கொடுப்பவன். அவனை வள்ளுவர் மருத்துவத்தில் கால்பங்காக வைக்கிறார். குணமாகாத நோயில் அந்தப் பங்கு இன்னும் கூடுகிறது. தீர்ப்பவன் செய்ய அதிகமில்லாத இடத்தில் உழைச்செல்வான்தான் முக்கால்வாசி மருத்துவம். வீடற்றவரின் மரணத்தில் இல்லாமல் போவது அவன்தான். ஏழ்மை, குடி, விலாசம், அடையாள அட்டை என்று எதைப் பிடித்து இழுத்தாலும் கடைசியில் அவன் இல்லாத இடத்தில்தான் வந்து நிற்கிறோம்.

வார்டை விட்டு அவர்கள் ஓடிப்போவதற்கும் இதில் பாதிக் காரணம் இருக்கிறது. இருபது வருடம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டாம் மூன்றாம் நாள் கை நடுங்கும், வியர்க்கும், இல்லாத ஆளெல்லாம் கண்ணுக்குத் தெரியும். மருந்து கொடுத்துத் தணிக்க வேண்டிய நிலை அது, சிலருக்கு உயிருக்கே ஆபத்து. கூட ஆள் இருந்தால் சொல்வார்கள். இல்லாதவர் எழுந்து, டிரிப்ஸைப் பிடுங்கிவிட்டு, கடையைத் தேடி நடப்பார். சீட்டில் ‘அப்ஸ்காண்டட்’ என்று எழுதி மூடிவிடுவார்கள். அடுத்த முறை அதே ஆள் வந்தால், இவன் ஓடிப்போகிற கேஸ் என்ற பேச்சு அவருக்கு முன்னால் வந்து நிற்கும்.

இரவு தங்கும் இடங்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன. உச்ச நீதிமன்றம் உணவுரிமை வழக்கில் கொடுத்த நெருக்குதலுக்குப் பிறகு, 2013இல் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தில் வீடற்றோர் தங்குமிடத் திட்டம் வந்தது. ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு நூறு பேர் தங்கும் அளவுக்கு, நாள் முழுவதும் திறந்திருக்கும் நிரந்தரத் தங்குமிடம் வேண்டும், ஆளுக்கு 50 சதுர அடி வேண்டும் என்பது அந்தத் திட்டத்தின் விதியாக இருந்தது. பெண்கள், முதியோர், நோயிலிருந்து தேறிவருபவர்கள் என்று தனித்தனித் தங்குமிடங்களுக்கும் அதில் இடமிருந்தது. 2011 கணக்கெடுப்பில் சேலம் மாநகராட்சியின் மக்கள்தொகை சுமார் 8.3 லட்சம். விதிப்படி அப்போதே எண்ணூறுக்கு மேல் படுக்கை தேவைப்பட்ட ஊர் இது.

எண்ணிக்கையை விட இங்கே முக்கியமானது அந்த இடம் எதற்காக என்பது. நடக்கக்கூடிய, வேலைக்குப் போகக்கூடிய ஒருவர் பாதுகாப்பாகப் படுத்தெழ ஏற்பட்ட இடம் அது. படுக்கையில் மலம் கழிப்பவரைப் பார்த்துக்கொள்ள அங்கே ஆள் கிடையாது. காவலராக இருக்கிற ஒருவரே மேலாளர், ஒருவரே எல்லாம். அவர் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். இவர் இன்று ராத்திரி இங்கேயே இறந்துவிட்டால் போலீஸ் வரும், விசாரணை வரும், மற்றவர்கள் பயப்படுவார்கள். அதனால் மூச்சு இரைக்க ஆரம்பித்தவுடனே 108ஐ அழைக்கிறார். அவசரச் சிகிச்சைப் பிரிவில் பார்த்து, செய்ய ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். தங்குமிடத்தில் சேர்க்க மாட்டேன் என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் இருப்பது வெறும் சாலை. சேலத்தில் அந்தத் தூரம் மிகக் குறைவு. அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, ஆட்சியர் அலுவலகம், கோட்டை மாரியம்மன் கோயில், பழைய பேருந்து நிலையம் எல்லாம் நடந்து போகிற தூரத்துக்குள் இருக்கின்றன. அந்தப் பேருந்து நிலையத்தை இடித்து ஈரடுக்காகக் கட்டி 2023இல் திறந்தார்கள். கட்டுமானம் நடந்த வருடங்களில் அங்கே வழக்கமாகப் படுத்தவர்கள் எந்தப் பக்கம் போனார்கள் என்று நாம் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஏற்காட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே, ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரத்தில் காப்பித் தோட்டங்கள். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்கு வீடு தரும் பொறுப்பை எஸ்டேட்டின் மேல் வைத்தது. நல்ல சட்டம்தான், ஆனால் அந்த லைன் வீடு வேலையோடு கட்டப்பட்டது. உடம்பு முடியாமல் வேலை நின்றால் வீட்டின் பிடியும் தளர்கிறது. பிள்ளைகள் திருப்பூருக்கோ பெங்களூருக்கோ போய்விட்ட கிழவனும் கிழவியும், மலைக்குளிர் தாங்காமல் கீழே இறங்கினால் முதலில் காலை வைக்கும் ஊர் சேலம்தான். ஜங்ஷனோ இன்னும் பெரிய நுழைவாயில். கேரளத்துக்கும் கோவைக்கும் போகிற வடக்கத்தி ரயில்கள் பலவும் இந்த வழிதான். வேலை தேடி வந்து நோயில் இறங்கிப்போனவர் கடைசியில் பேசுவது ஒடியாவோ வங்காளியோ ஆக இருக்கலாம். வலி எங்கே என்று கேட்கவே மொழி இல்லாமல் போகிறது.

முடிவெடுக்கும் பேச்சு வரும்போது நிலைமை இன்னும் சிக்கல். கண்ணியமாகச் சாவதும் வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எனக்கு இன்ன நிலையில் இன்ன சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம். அதற்கு மாஜிஸ்திரேட் வரை போக வேண்டியிருந்ததை, 2023 ஜனவரியில் நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ கையொப்பமிட்டால் போதும் என்று எளிமையாக்கினார்கள். எழுதாமலே நினைவு போய்விட்டால் நெருங்கிய உறவைக் கேட்பார்கள். இவருக்கு இரண்டும் இல்லை. மருத்துவர்கள் பாதுகாப்பாக ஒன்று செய்கிறார்கள், எல்லாக் குழாயையும் போட்டுவிடுகிறார்கள், அல்லது எதையும் போடாமல் விட்டுவிடுகிறார்கள்.

அவர் பேசும் நிலையில் இருக்கும்போதே கேட்டிருக்கலாம். பெயர் என்ன? எந்த ஊர்? யாருக்காவது சொல்ல வேண்டுமா, யாருக்கும் சொல்லக் கூடாதா? அடித்து விரட்டிய வீட்டுக்குத் தன் சாவைக் கூடச் சொல்ல வேண்டாம் என்பவர்கள் உண்டு, ஒரே ஒரு தடவை மகளைப் பார்த்துவிட வேண்டும் என்பவர்களும் உண்டு. புதைப்பதா எரிப்பதா? சாகும்போது எங்கே இருக்க விரும்புகிறீர்கள்? பழகிய கடைவாசலை விட்டு வர மாட்டேன் என்று ஒருவர் சொன்னால் அதுவும் ஒரு பதில்தான், அதற்கேற்ப மருந்து அங்கே போக வேண்டும். உச்ச நீதிமன்றம் சொன்ன சமய வழக்கப்படியான அடக்கம் நடக்கவும் முதலில் அவருடைய சமயம் என்னவென்று கேட்டிருக்க வேண்டுமே.

இதை எங்குமே யாருமே செய்யவில்லை என்பதல்ல. கல்கத்தாவில் காளி கோயிலை ஒட்டி 1952இல் அன்னை தெரசா தொடங்கிய நிர்மல் ஹிருதயை எல்லோருக்கும் தெரியும். 1994இல் அங்கே போய்ப் பார்த்த மருத்துவ இதழ் ஆசிரியர் ஒருவர், அன்பு இருக்கிறது, வலுவான வலி மருந்து இல்லை என்று எழுதினார். அந்தக் குறை இன்றைக்கும் நினைவில் வைக்க வேண்டியது, அன்பைக் காட்டி மார்ஃபினுக்கு ஈடு கட்ட முடியாது. கனடாவின் ஒட்டாவா நகரில் 2001இல் வீடற்றோர் தங்குமிடத்துக்குள்ளேயே சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கான படுக்கைகளை வைத்தார்கள். டொரோண்டோவில் 2014 முதல் மருத்துவரும் செவிலியரும் தங்குமிடத்துக்கும் பாலத்தடிக்கும் தேடிப்போய் வலிதணிப்புச் சிகிச்சை தருகிறார்கள்.

நமக்கு அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. மனநலம் பாதித்து வீதியில் திரிபவர்களுக்காகத் தமிழக அரசு பல மாவட்டங்களில் அவசரச் சிகிச்சை மற்றும் மீட்பு மையங்களை நடத்துகிறது. 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் அப்படிப்பட்டவரைப் பாதுகாப்பாக அழைத்துவரும் கடமையைக் காவல்துறைக்கே கொடுத்திருக்கிறது. குடும்பம் இல்லாத நோயாளிக்கு அரசே குடும்பமாக நிற்கலாம் என்பதை ஏற்றுக்கொண்ட மாநிலம் இது. அந்தக் கொள்கையை, குணமாகாத நோயோடு வீதியில் கிடப்பவருக்கும் நீட்ட வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

சேலத்துக்கு என்ன வேண்டும்? தனி மருத்துவமனை வேண்டாம். அரசு மருத்துவமனைக்கு நடந்து போகிற தூரத்தில் பத்துப் பன்னிரண்டு படுக்கை உள்ள ஒரு வீடு போதும். மாநகராட்சியின் தங்குமிடங்களில் ஒன்றையே இப்படி மாற்றலாம், 2013 திட்டத்தின் விதியிலேயே அதற்கு இடமிருந்தது. மருத்துவமனையின் மருந்தகமே மார்ஃபினைப் பூட்டில் வைத்து வேளைக்கு அனுப்பட்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பட்டியலில் தங்குமிடங்களையும், ஆட்கள் வழக்கமாகப் படுக்கும் இடங்களையும் முகவரியாக ஏற்கட்டும். ஜங்ஷன் பார்சல் அலுவலகத்துக்கு எதிர்ச்சுவர் என்று எழுதினால் செவிலியருக்குப் புரியாதா? எல்லாவற்றுக்கும் மேலாக, சம்பளத்துக்கு உழைச்செல்வார் வேண்டும். கிச்சிப்பாளையத்திலும் அம்மாபேட்டையிலும் குகையிலும் தறி வேலை குறைந்து வேறு வேலை தேடும் பெண்கள் இருக்கிறார்கள். வீட்டில் மாமியாருக்கு வருடக்கணக்கில் மலம் அள்ளிப் போட்ட அனுபவம் அவர்களில் பலருக்கு உண்டு. மூன்று மாதம் பயிற்சி கொடுத்து, நிரந்தரச் சம்பளம் கொடுத்து, கௌரவமான பெயரும் கொடுத்தால் இந்த வேலையை அவர்களை விட நன்றாகச் செய்ய யாரால் முடியும்? வீதியில் இருந்து மீண்டவர்களையும் சேர்க்கலாம். ‘ஓடிப்போகிற கேஸ்’ என்று பேர் வாங்கியவரை உட்கார வைத்துப் பேச அவர்களால்தான் முடியும்.

வாய்க்குப் பால் ஊற்ற ஆளில்லை என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால் அதைவிடப் பெரிய இரக்கச் சொல் நம் பேச்சில் கிடையாது. வலிதணிப்புச் சிகிச்சை படித்த செவிலியரும் இதையே வேறு மாதிரி சொல்வார். கடைசி நாட்களில் விழுங்க முடியாது, டிரிப்ஸும் உதவாது, ஈரப் பஞ்சால் உதட்டையும் நாக்கையும் அடிக்கடி நனைத்துக்கொண்டே இருங்கள், அதுதான் இப்போது பெரிய மருந்து என்பார். இதற்கு ஒரு கிண்ணம், ஒரு துண்டுப் பஞ்சு, கொஞ்சம் தண்ணீர், பக்கத்தில் ஒருவர் வேண்டும்.

பதினோராம் நாள் அப்பாவை டிஸ்சார்ஜ் செய்தார்கள். மூட்டை முடிச்சைக் கட்டிவிட்டு அந்தப் பெரியவர் பக்கம் போனேன். “நாளைக்கு யாரு கண்ணு வருவா?” என்றார். என்னிடம் பதில் இல்லை. பஞ்சை நனைத்து அவர் உதட்டைத் துடைத்துவிட்டு, சிஸ்டரிடம் போய் அவருடைய பெயரைச் சொன்னேன். “அட, இத யாருமே சொல்லலியே சார்” என்று அவர் பேனாவை எடுத்து, ‘அன்நோன்’ என்றிருந்ததை அடித்துவிட்டுப் பெயரை எழுதினார். ஊர் சங்ககிரிப் பக்கம் என்றேன், அதையும் எழுதிக்கொண்டார். திரும்பிப் பார்த்தபோது பெரியவர் கண்ணயர்ந்திருந்தார்.